அட்டை மறைவில் விழுந்த எண்

இரண்டு, இரண்டேதான், எந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாலும் இரண்டு… செருப்புப் பெட்டி மூடியை நிமிர்த்தி வைத்த மறைவுக்குள் அந்த இருபது முகப் பகடை பாய்மேல் கிடக்கிறது, நான் மட்டும்தான் பார்க்கிறேன், மூடிக்கு அந்தப் பக்கம் இன்பராணி அக்காவும் அவளுடைய சித்தி மகன் பென்சனும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், முகத்தில் ஏதாவது தெரிகிறதா? பன்னிரண்டோ அதற்கு மேலோ விழுந்தால் ஆட்டத்தில் அக்காவின் ஆளான தோணிக்காரி சுழலிலிருந்து கரையேறுவாள், குறைந்தால் மூழ்கிச் சாவாள், இதை உருட்டுவதற்கு முன்பே நான் வாய்விட்டுச் சொன்னேன், சொல்லிவிட்டுத்தான் உருட்ட வேண்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி, இன்றைக்கு ஒரு நாள் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா… கரண்ட் இல்லை, கூலர் நின்று போய் அதன் புல்தட்டியின் ஈர வாடை மட்டும் இருக்கிறது, தில்லி முனிர்காவின் மத்தியானம் முழுவதும் இந்த ஒற்றை ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி.

“என்னடே ஜட்ஜையா, தீர்ப்பு எழுதியாச்சா, இல்ல வாய்தாவா?” என்கிறான் பென்சன். நான் ஜட்ஜ் இல்லை, ஆட்டத்தை நடத்துகிறவன், காட்டையும் ஆற்றையும் திருடர்களையும் நான் சொல்வேன், தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று அவர்கள் சொல்வார்கள், அது பலிக்குமா என்று பகடை சொல்லும், அவ்வளவுதான், பென்சனின் சீனியர் ஒருவர் அறையைக் காலி செய்தபோது விட்டுப்போன ஆட்ட விதிகளின் ஜெராக்ஸ் புத்தகமும் இந்த ஒரே பகடையும்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை. பென்சன் கையில் கொடுத்தால் உருட்டாமல் வேண்டிய எண் மேலே வரும்படி வைத்துவிடுவான் என்று எல்லாவற்றையும் நானே மறைவில் உருட்டுவதாக ஏற்பாடு, சேஷன் பொய் சொல்ல மாட்டான் என்று என்னைப் பற்றி அக்காதான் சொன்னாள். மாலைக் கல்லூரியில் எனக்குக் கணக்குப்பதிவியல் பிடித்ததும் இதனால்தான், அங்கே யாரும் உன் அபிப்பிராயம் என்ன என்று கேட்பதில்லை, இரண்டு பக்கமும் பொருந்தினால் போதும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி உண்டு, விதி ஆட்டத்தைக் கெடுக்கும் இடத்தில் நடத்துபவர் தம் மனத்தைக் கேட்கலாம் என்று, அதை நான் பென்சனுக்குக் காட்டியதே இல்லை, போன குளிர்காலத்தில் அவன் ஆள் செத்தபோது கூட… என் மனத்தைக் கேட்டால் அது என்ன சொல்லும், அதற்கு என்ன தெரியும்?

மூலையில் அக்காவின் பெட்டி கயிறு கட்டித் தயாராக நிற்கிறது, நாளைக்கு நிஜாமுதீனில் வண்டி, அப்புறம் நாகர்கோவில், அப்புறம் அப்பா பார்த்து வைத்திருக்கிற யாரோ ஒருவர். ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை, வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலப் பரீட்சை மூன்றாவது தடவையும் போய்விட்டது, அரை மார்க்கில், அரை மார்க் என்றால் அரை மார்க்தான், அவர்களும் விதிப்படிதான் செய்தார்கள்… நானும் அதையே செய்ய வேண்டுமா, கடைசி நாளில், ஒரு தோணிக்காரிக்கு?

“சொல்லு மக்கா, நான் இருக்கனா, போனனா?”

“பதினைஞ்சு.”

என் குரல்தானா அது, இவ்வளவு சாதாரணமாக… பென்சன் தரையில் அடித்துச் சிரிக்கிறான், “எமனுக்கே டிமிக்கி குடுத்துட்டாளே அக்கா!”, அக்கா கண்ணை மூடி மூச்சு விடுகிறாள், சரி, சரிதான், இப்படியும் செய்யலாம் போலிருக்கிறது என்று நினைத்துப் பகடையை எடுக்கக் கை நீட்டுகிறேன், அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. கூலர் ஒரு உதறு உதறிக் காற்றைத் தள்ளியதும் மூடி என் மடியில் வந்து விழுந்தது. பகடை அப்படியே கிடக்கிறது, நடுப்பாயில், மூன்று பேருக்கும் நடுவில், இரண்டு.

“எடே,” என்கிறான் பென்சன், இப்போது சிரிப்பில்லை, “எனக்க ஆளு சாவும்போ வேதப்புஸ்தகம் கணக்கா ஜெராக்ஸத் தூக்கிக் காட்டினியே, இப்ப எங்கடே போச்சு ரூல்ஸ்?” அவன் கேட்பது நியாயம், ஆனால் நான் அவனைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்க்கிறேன், அவள் கோபப்பட்டால் நன்றாக இருக்கும், அவளோ ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடிக்கிறாள். “ரெண்டுன்னா ரெண்டு. முங்கட்டும், பாவம்,” என்கிறாள். பிறகு தம்ளரைக் கீழே வைக்காமலே, “அப்போ பாலத்துல?”

பாலம். மழைக்காலத்தில் ஒருநாள், தோணிக்காரி தன்னந்தனியாகப் பாலத்தை மறித்து நின்றாள், இருபது விழுந்தாலொழிய முடியாது, வேண்டாம் அக்கா என்றேன், உருட்டு என்றாள், விழுந்தது. அன்றிலிருந்து டியூட்டி முடிந்து வரும்போதும் பரீட்சை போன அன்றும் அதைத்தான் சொல்வாள், யாரும் தூக்கிக் குடுக்காம ஒண்ணாவது ஜெயிச்சனே மக்கா என்று… “அது நிஜமா விழுந்தது அக்கா, சத்தியமா,” என்கிறேன். “செரி மக்கா,” என்கிறாள், வலிக்காது என்று சொல்லி ஊசி போடும்போது நோயாளியிடம் அவள் இப்படித்தான் சிரிப்பாள் என்று தோன்றுகிறது.

எதைக் காட்டி நிரூபிப்பது, பார்த்தது நான் ஒருவன், நான் இன்றைக்குப் பதினைந்து பார்த்தவன். அன்றைக்கு இருபது என்று சொன்னபோதும் என் குரல் இப்படியேதான் இருந்திருக்குமா? இல்லை, அது விழுந்தது, எனக்குத் தெரியும், பாயின் ஓரத் தையலில் முட்டி நின்றது, மேல்முகத்தில் இருபது… முட்டி நின்றது என்றால் சாய்ந்து நின்றதா? சாய்ந்து நின்றால் மறுபடி உருட்ட வேண்டும் என்பது விதி, நான் உருட்டவில்லை, கொஞ்சம்தான் சாய்ந்திருந்தது, அல்லது சாயவில்லை, அக்கா அப்போது மூடிக்கு அந்தப் பக்கமிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்…