இல்லாத ஆப்ஷன்

அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலரின் வேலை. அவளுடைய நிரல் ஒரே நேரத்தில் பல வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வது. அதற்கென்று ஓர் ஆப்ஷனைச் சொல்லி கம்பைலரை ஓட்ட வேண்டும். தலையெழுத்து, அந்த ஆப்ஷனுக்கு ஒவ்வொரு கம்பைலரிலும் ஒவ்வொரு பெயர். அதனால் அவளுடைய கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் என்ற குட்டி நிரல், தெரிந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கும். கம்பைலர் முரண்டு பிடிக்காவிட்டால், அதுதான் பெயர் என்று முடிவு கட்டிவிடும். மற்ற இயந்திரங்களில் சமர்த்தாக ஓடிய நிரல், வாடிக்கையாளர் வாங்கிய புது இயந்திரத்தில் மட்டும் பாதியில் உறைந்து நின்றது.

இதை முடிக்காமல் லீவு கிடையாது. லீவு இல்லாமல் அப்பாவைப் போய்ப் பார்க்க வழியில்லை. அம்மா போன பிறகு அவர் தனியாக இருக்கிறார். ஞாபகம் தவறுகிறது, கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று அண்ணன் சொன்னபோது, அப்பாவை அவர் வீட்டைவிட்டுக் கிளப்பவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவள் இவள்தான்.

"தினமும் பேசறவ நான். கேட்டதுக்கெல்லாம் டாண் டாண்ணு பதில் சொல்றாரு," என்று அண்ணன் வாயை அடைத்திருந்தாள். ஆனாலும் பயம் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

பக்கத்து மேசை சோடாபுட்டி எட்டிப் பார்த்தான். "முதல் பேருக்கே ஒத்துக்கிச்சா? என்ன சொன்னாலும் தலையாட்டுது. நல்ல மாப்பிள்ளை."

சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. ஆனால் 'என்ன சொன்னாலும்' என்பது உறைத்தது. உலகத்திலேயே இல்லாத ஓர் ஆப்ஷனுக்குக் 'குப்பைத்தொட்டி' என்று பெயர் வைத்துக் கம்பைலரிடம் கொடுத்தாள். எனக்கு இது தெரியாதே என்று அது ஓரமாக முணுமுணுத்தது. பிறகு வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டது. முணுமுணுப்பை ஸ்கிரிப்ட் எங்கே காதில் வாங்கியது? வெற்றியா தோல்வியா என்று மட்டும்தானே பார்த்தது! தப்பான பெயரையே சரி என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

ஸ்கிரிப்டைத் திருத்தினாள். முதலில் இல்லாத ஒன்றைக் கேட்டுப் பார்; அதற்கும் சரி என்றால் அந்தக் கம்பைலரின் பேச்சை நம்பாதே, முணுமுணுப்பையும் பிழையாகவே எடுத்துக்கொள். மறுபடி ஓட்டினாள். பொய்ப் பெயர்கள் உதிர்ந்து, உண்மையான பெயர் அகப்பட்டது. நிரல் உறையாமல் ஓடியது.

சோடாபுட்டி கைதட்டினான். அவளோ போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"சாப்பிட்டேம்மா."

"மாத்திரை?"

"போட்டாச்சும்மா."

தினமும் இத்தோடு நிம்மதியாக வைத்துவிடுவாள். இன்று வைக்கவில்லை.

"அந்தப் பச்சை மாத்திரை?"

பச்சை மாத்திரை என்று ஒன்று கிடையாது. எதும்மா அது என்று கேளுங்கப்பா, உளறாதே என்று திட்டவாவது திட்டுங்கப்பா என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள்.

"அதுவும் போட்டாச்சும்மா."

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் அவர் சொன்ன எதை நம்புவது?

"அப்பா, நான் யாருன்னு தெரியுதுல்ல?"

"தெரியுதும்மா."

"யாரு, சொல்லுங்க."

"சரிம்மா," என்றார் அப்பா.