குரலுக்கு நடுவே ஒரு குழாய்

1

“குழந்தை வீறிட்டு அழுதது” என்றுதான் இந்தக் கதையைத் தொடங்கினேன். அடித்துவிட்டேன். இருபத்தாறு வாரத்தில் பிறந்தவள். நுரையீரல் ஈரப் பை மாதிரி உள்ளே ஒட்டிக்கொள்கிறது.* விரித்து வைக்கக் குழாய். அது குரல் நாண்களுக்கு நடுவே போகிறது. அழுவாள், சத்தம் வராது. குறைமாதக் குழந்தைகளின் வார்டில் மூன்று வருடம் இரவு வேலையாகக் கண்ணாடிப் பெட்டி துடைத்தவன் நான். எனக்கே கை பழக்கத்தில் பொய் எழுதுகிறது.

(* ஒட்டாமல் காக்கும் வழவழப்பு கடைசி வாரங்களில்தான் போதுமான அளவு ஊறும். இவள் அதுவரை காத்திருக்கவில்லை.)

2

காலை, என் வேலை முடிகிற நேரம். அம்மா பெட்டியருகே உட்கார்ந்திருக்கிறாள். பத்தொன்பது நாளாகிறது, மகளின் குரலைக் கேட்டதில்லை. [இங்கே அவள் கண்ணீரைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அவள் அழவில்லை, காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.]

“உங்க மக சரியான கோபக்காரிம்மா,” என்றாள் நர்ஸ். “மூஞ்சியப் பாருங்க, என்னைத் திட்டித் தீர்க்கிறா. நல்லவேளை, காதுல விழல.”

“எனக்கு விழணும் சிஸ்டர்.”

3

ஆய்வு செய்கிற டாக்டர் காகிதத்தோடு வருகிறார். (முதல் வரைவில் இவரைக் கெட்டவராக்கினேன். எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.)

“குழாயை வழக்கத்தைவிட ரெண்டு நாள் முன்னாடி எடுத்தா நுரையீரல் நல்லா வளருமா, திணறுமான்னு இன்னும் யாருக்கும் உறுதியா தெரியாதும்மா. அதைத்தான் பார்க்கிறோம். நீங்க சம்மதிச்சா ஒரு உறையைப் பிரிப்போம். உள்ள ‘முன்னதாக’ன்னு இருந்தா உடனே எடுப்போம். ‘வழக்கம்போல’ன்னா வழக்கம்போல. வேண்டாம்னு சொன்னாலும் கவனிப்புல ஒரு குறையும் வராது.”

“எடுத்தா சத்தம் வருமா டாக்டர்?”

“வரலாம். கரகரன்னு, கம்மியா. திணறினா திரும்பவும் குழாய்தான். சத்தத்துக்காகக் கையெழுத்துப் போடாதீங்கம்மா.”

“வேற எதுக்காகப் போடறது?”

டாக்டர் பேனாவை நீட்டவில்லை. “வீட்ல பேசுங்க. நாளைக்குச் சொல்லுங்க,” என்று காகிதத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

4

முடிவு ஒன்று: கையெழுத்துப் போடுகிறாள். உறையில் ‘முன்னதாக’. குரல் கேட்கிறது. படித்துப் பார்த்தேன், இனித்துத் தொலைத்தது.

முடிவு இரண்டு: குழாயை எடுக்கிறார்கள். குழந்தை நீலம் பாரித்து

வேண்டாம். அது அங்கேயே நிற்கட்டும்.

மறுநாள் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் காகிதம் கொடுத்த அன்றோடு வேலையை விட்டுவிட்டேன். கையெழுத்துப் போடுவதோ விடுவதோ இனி உங்கள் கையில். கிளம்பும்போது நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

குழந்தையின் வாய் குழாயைச் சுற்றி அகலத் திறந்தது. அம்மா பெட்டியின் துளை வழியே கையை விட்டு, அந்தத் துளியூண்டு நெஞ்சின்மேல் ஒரு விரலை வைத்தாள். நெஞ்சு விம்மி விம்மி அடங்கும்வரை வைத்திருந்தாள். பிறகு விரலை வெளியே எடுத்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தன் காதில் வைத்துக்கொண்டாள்.