ஒற்றைக்கால் மயில்

பேரம் பேசாமல் பட்டுத்தறிக்காரர் கைலாசம் எதையும் வாங்கியதில்லை. டைபாய்டிடமும் பேரம்தான் பேசினார். மனைவி தில்லையம்மாள் படுத்துப் பத்து நாளாகிறது. குளோராம்பெனிகால் கேப்சூல் எட்டு நாளாக உள்ளே போகிறது; காய்ச்சல் நூற்று மூன்றை விட்டு இறங்கவில்லை. மருந்தை மாற்றலாம் என்றார் டாக்டர் ராஜகோபால். கைலாசம் ஒப்பவில்லை. அறுபத்தெட்டாம் வருஷம் அவருடைய அண்ணனை எமன் வாசலிலிருந்து திருப்பிக் கூட்டிவந்த கேப்சூல் அது. ஒன்றுக்கு இரண்டாகக் கொடுக்கச் சொன்னார். டாக்டர் அவரைப் பக்கத்து அறையில் ரத்தப் பரிசோதனை செய்யும் ஏலவார்குழலியிடம் அனுப்பிவிட்டார்.

குழலி ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினாள். தில்லையம்மாளின் ரத்தத்திலிருந்து வளர்த்த டைபாய்டு கிருமி. மேலே மருந்தில் நனைத்த ஆறு காகிதப் பொட்டுகள். மருந்து பலித்த இடத்தில் பொட்டைச் சுற்றிக் கிருமியில்லாத வட்டம் தெரியும். கேப்சூல் மருந்து உட்பட மூன்று பொட்டுகளைக் கிருமி உரசிக்கொண்டு நின்றது.

இந்தக் காய்ச்சலுக்கு முன் தில்லையம்மாள் அந்தக் கேப்சூலைத் தொட்டதேயில்லையே, கிருமிக்கு யார் பாடம் சொன்னது என்று மடக்கினார் கைலாசம். குழலி இரண்டாவது தட்டை நகர்த்தினாள். இது அதே வயிற்றில் சாதுவாகக் குடியிருக்கும் வேறு இனக் கிருமி. இங்கேயும் தோற்றவை அதே மூன்று மருந்துகள்.

கைலாசம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன் மயில் பார்டர் ஒன்றுக்கு, துளைகளாலேயே தறிக்கு உருவம் சொல்லும் டிசைன் அட்டை வெட்டியபோது நாலு அட்டையில் துளை போட மறந்துவிட்டார். சேலை முழுக்க மயிலுக்கு ஒரே கால். மழைக்கு ஆடுகிற மயில் அப்படித்தான் நிற்கும் என்று சொல்லி அதையும் விற்றார். மூன்றே மாதத்தில் பிள்ளையார்பாளையம் முழுக்க ஒற்றைக்கால் மயில்கள். அதே தப்பைத் தனியாக யாரும் செய்ய முடியாது. பக்கத்து வீட்டுத் தறிக்காரன் சிட்டிபாபுதான் அட்டையைத் திருடி நகலெடுத்தான் என்று அன்றைக்கு அவனோடு விட்ட பேச்சு.

"அட்டை கை மாறிக்கிச்சாம்மா?" என்றார்.

"அதேதாங்கய்யா. உங்க அட்டைங்களக் கோத்து வளையமா மாட்டறீங்களே, அது மாதிரி கிருமிக்குள்ள ஒரு சின்ன வளையம் இருக்குது. பிளாஸ்மிட்னு பேரு. ஒட்டிக்கினு நிக்கிற கிருமிக்கு நகல் எடுத்துக் குடுத்துட்டு, தன்னுத பத்திரமா வச்சிக்கும். சொந்தமா, அந்நியமான்னு பாக்காது. மூணு மருந்துக்கும் பதில் அந்த ஒரே வளையத்துல."

"அப்ப கேப்சூல ரெண்டா போட்டா?"

"அட்டை இல்லாததுங்க சாவும். அட்டை வச்சிக்கினு இருக்கறவன் தறிதான் தெரு முழுக்க ஓடும்."

நாலாவது பொட்டைச் சுற்றி அகலமான வட்டம், ஆம்பிசிலின். ஜரிகையைச் சோதிப்பதுபோல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், டாக்டரிடம் போய், "இதையே குடுங்க" என்றார்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. எட்டாம் நாள் ரசஞ்சாதம் சாப்பிட்டுக்கொண்டே கதை முழுவதையும் கேட்டாள் தில்லையம்மாள்.

"சிட்டிபாபு மேல பழி போடாத. அவன் பொண்டாட்டி அங்கம்மாள் கேட்டா. நான்தான் நாலு நாளைக்கு அட்டையக் குடுத்தேன்."

கைலாசம் குழலியிடம் போய், இந்த மருந்துக்கு உண்மையை வரவழைக்கும் குணம் உண்டா என்று விசாரித்தார். புட்டியில் அப்படி எழுதவில்லை என்றாள் அவள். அங்கிருந்து நேராகச் சிட்டிபாபு வீட்டுக்கு நடந்தார். அவரைக் கண்டதும் உள்ளே ஓடிக்கொண்டிருந்த தறி நின்றது.

"இன்னாபா, மயிலுக்கு இன்னொரு காலும் வெட்டி வச்சிருக்கேன். வேணுமா, வேணாமா?"