கிருத்திகைக்கு முந்தின நாள் வேகம்

ஆந்திராவில் வடமாலபேட்டைப் பக்கம் இருக்கிற மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் ஸ்வர்ணலதாவுக்கும் கமலம்மாவுக்கும் ஒரே மேசை. பெல்ட்டில் வருகிற பழம் நடுவிலுள்ள தகட்டில் மோதி இரண்டு பக்கமாகப் பிரிந்து போகும். இடப்பக்கம் ஸ்வர்ணலதாவுக்கு, வலப்பக்கம் கமலம்மாவுக்கு. அழுகலைப் பொறுக்கித் தள்ள வேண்டும், அவ்வளவுதான். கமலம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. பெங்களூருக்குப் போன ஒரே மகன் பவன்குமார் அங்கேயே ஒட்டிக்கொண்டுவிட்டான். இந்த வேலை இருந்தால்தான் அவள் வீட்டில் அடுப்பெரியும்.

போன வருஷம்வரை பெல்ட்டை ஓட்டியவர் திருவேங்கடம். "அண்ணா, கை நோவுது" என்று குரல் கொடுத்தால் முணுமுணுத்துக்கொண்டே வேகத்தைக் குறைப்பார். இந்த வருஷம் அவர் இல்லை. தலைக்கு மேலே ஒரு கேமரா. பெண்களின் கை எவ்வளவு ஓடும் என்று பார்த்துப் பார்த்து, தானே கற்றுக்கொண்டு பெல்ட்டை ஓட்டுகிற, நடுத்தகட்டைத் திருப்புகிற கம்ப்யூட்டராம். கற்றுக்கொள்ளட்டுமே, யார் வேண்டாமென்றது? இவர்கள்தான் அதற்குத் தப்பான பாடம் நடத்திவிட்டார்கள்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் மட்டும் லோடை மூன்று மணிக்குள் முடித்துவிட்டுத் திருத்தணிக்குக் கிளம்புவது நகரி, புத்தூர்ப் பெண்களின் வழக்கம். இந்த வருஷமும் அன்றைக்குப் பேய் பிடித்த மாதிரி வேலை செய்தார்கள். எல்லோரையும் விரட்டியவள் ஸ்வர்ணலதாதான். காவடி செலுத்திவிட்டுத் திரும்பி வந்தால், பெல்ட் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டே நாளில் கமலம்மாவின் விரல்கள் வீங்கிவிட்டன. அழுகல் தப்பித் தப்பிப் போனது. ஒரு வாரம் பார்த்துவிட்டு வேலையைவிட்டு அனுப்பிவிடுவதாக சூப்பர்வைசர் சொன்னான். ஸ்வர்ணலதா கம்ப்யூட்டரைக் கவனிக்கிற யஸ்வந்திடம் ஓடினாள். திருப்பதியில் படித்த பையன், நல்லவன்தான்.

"நேனேம் செய்யாலக்கா?" என்று தெலுங்கில் கையைப் பிசைந்தவன் தமிழுக்குத் தாவினான். "நான் இன்னாக்கா செய்யறது? அந்த ஸ்பீடு நான் வெச்சது இல்ல. நீங்க செஞ்சதப் பாத்து அதுவே கத்துக்கிச்சு."

"அது சாமிக்குப் போற அவசரம்பா! தெனம் அப்பிடி ஓடிக்கினு இருக்க முடியுமா?"

"அதெல்லாம் அதுக்குத் தெரியாதுக்கா."

நாம் குறைத்தால் அதுவும் குறைத்துக்கொள்ளாதா என்று மறுநாள் ஸ்வர்ணலதா வேண்டுமென்றே மெதுவாகப் பொறுக்கினாள். பெல்ட் குறையவில்லை. தகடு மெல்லத் திரும்பி, இவளுடைய பங்கையும் கமலம்மா பக்கம் தள்ளியது. கமலம்மாவுக்கு மூச்சு இரைத்தது. ஸ்வர்ணலதா பதறிப்போனாள்.

உடனே வேகத்தைக் கூட்டினாள். தகடு இவள் பக்கம் திரும்பியது. அப்பாடா என்றிருந்தது. நாலு நாள் இடுப்பொடிய வேலை செய்தாள். கமலம்மா பக்கம் பத்துக்கு ஒரு பழம்தான் போனது.

"இப்பதான்டி கை கொஞ்சம் ஓய்வா கீது. மிஷினுக்கும் எரக்கம் வந்துட்ச்சு போல" என்று கமலம்மா சிரித்தாள்.

"ஆமா பெரிம்மா" என்றாள் இவள். மனசுக்குள் அத்தனை பெருமை.

சனிக்கிழமை யஸ்வந்த் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். இந்த மேசைக்கு ஒரே ஆள் போதும் என்று கம்ப்யூட்டர் காட்டுகிறதாம்.

கமலம்மா வீங்கிய விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "உடும்மா, நீ இன்னா பண்ணுவ" என்று இவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

ஸ்வர்ணலதா இனி யார் காலில் விழுவது? அண்ணாந்து கேமராவைப் பார்த்தாள். அதற்குள் பழம் குவிந்துவிட்டது, எல்லாம் இவள் பக்கமே. குனிந்து பொறுக்கத் தொடங்கினாள்.