கால் எட்டாத ராஜா

சின்னராசநல்லூர் சிம்மாசனம் அதில் உட்காரும் ராஜாவோடு சேர்ந்து வளர்ந்தது. சிதம்பரத்தில் புவனகிரி பஸ் ஏறி வெள்ளாற்றுப் பாலத்துக்கு முன்னால் இறங்கினால் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம், டிக்கெட் கிடையாது. பண்ருட்டிப் பலா மரத்தில் செய்தது. ராஜ்யம் எப்போதோ போய்விட்டது, ராஜா மட்டும் மிச்சம். ஊராட்சித் தலைவர் என்று அருள்முருகன் இருக்கிறார், ஓட்டு வாங்கி ஜெயித்தவர். ஆனாலும் ஏரி மதகைத் திறப்பதும் தேருக்கு முதல் வடம் பிடிப்பதும் அரண்மனை சொல்லித்தான் நடக்கும். அரண்மனை என்பது ஓட்டு வீடுதான். இருந்தாலும் ஏரிப் பாசன ஊரில் மதகு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத் துண்டை இறக்கிக்கொண்டு வணக்கம் சொல்ல ஆள் இருக்கும்.

கார்த்திகேசனுக்கு ஏழு வயதில் பட்டம் கட்டினார்கள். அப்பா லாரியில் அடிபட்டு இறந்து, கருமாதி முடிந்த கையோடு பையனைக் குளிப்பாட்டிப் பட்டு சுற்றித் தூக்கி உட்கார வைத்தார்கள். கால்கள் தொங்கின. அதில் ஒன்றும் குறைவில்லை. சீனத்தில் இரண்டு வயதுப் பிள்ளையைச் சக்கரவர்த்தி ஆக்கியிருக்கிறார்கள், பிரான்சில் ஒருவன் ஐந்து வயது நிறைவதற்குள் ராஜா. எல்லாத் தேசத்திலும் குழந்தை ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருக்கிறார், நின்று நின்று அவருக்கு அந்த இடம் பிடித்தும் போயிருக்கிறது. இங்கே நின்றவர் தாய்மாமன் தில்லைநாதன். ராஜாவின் பாதம் தரையில் படுகிற வரைக்கும் மாமன் பொறுப்பு என்பது ஊர் வழக்கம். வருடா வருடம் தைக்கிருத்திகை அன்று காலையில் ராஜாவை உட்கார வைத்து, பாதத்துக்கும் தரைக்கும் நடுவே மாமன் ஒரு வெற்றிலையை இழுப்பார். வெற்றிலை சிக்கினால் ராஜா பெரியவர் ஆகிவிட்டார். தாராளமாக வந்துவிட்டால் அடுத்த தை.

பையன் வளர்ந்தான். நாற்காலியும் வளர்ந்தது. பாதத்துக்கும் தரைக்கும் நடுவே எப்போதும் நாலு விரற்கடை இடைவெளி இருந்தது. வெற்றிலை என்ன, பூனையே போய் வரலாம். மீசை முளைத்த வருடமும் நாலு விரற்கடை, சிதம்பரத்தில் காலேஜ் முடித்த வருடமும் நாலு விரற்கடை. "இன்னும் எட்டல. அடுத்த தையில பாத்துக்கலாம்" என்று தில்லைநாதன் வருத்தமாகச் சொல்லுவார், வருத்தம் வருடத்துக்கு வருடம் நன்றாகவே வந்தது. மற்ற தேசத்துக் குழந்தை ராஜாக்கள் எல்லாம் பெரியவர்கள் ஆனார்களே என்று கார்த்திகேசன் ஒருமுறை கேட்டான். "அவுங்களுக்கு நாற்காலி செஞ்ச ஆசாரி வேற, மாப்ள" என்றார் மாமன்.

இதனால் கார்த்திகேசன் இரண்டு ஆளாக வாழ்ந்தான். கடலூர் பக்கம் குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் அவன் ஷிப்ட் இன்சார்ஜ். அவன் கையைக் காட்டினால் ராட்சத வால்வுகள் மூடும். சனிக்கிழமை ஊருக்கு வந்து இறங்கியதும் வயது வராத மைனர். மைனர் ராஜா தன் கையால் சாப்பிடக் கூடாது என்பதால் ஓட்டுப் போட்டு விரலில் மையோடு வந்தவனுக்கு அவன் அம்மா மலர்க்கொடி சோறு பிசைந்து ஊட்டினாள். தனியாக ஆற்றுப் பக்கம் போகக் கூடாது. கல்யாணம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது.

அந்தக் கடைசி விதிதான் அவன் குரல்வளையைப் பிடித்தது. கம்பெனி லேபில் வேலை பார்த்த ரேகாவை அவன் மூன்று வருடமாகக் காதலித்தான். அவள் வீட்டில் அண்ணாகிராமத்தில் முந்திரித் தோப்புள்ள ஒரு வரனைப் பேசிவிட்டார்கள். "வர்ற தையில உன் கால் தரையில படலன்னா, பங்குனில எனக்கு வேற எடத்துல கல்யாணம் கார்த்தி. நான் எவ்ளோ நாள்தான் ஒரு கொழந்தைக்காகக் காத்துக்கெடக்கறது?" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவனும் அழுதான். வழக்கத்தை மீறி ஓடிப்போகலாம்தான்; ஓடினால் அம்மாவை ஊர் என்ன பாடு படுத்தும் என்பது அவனுக்குத் தெரியும்.

அவன் சும்மா இருக்கவில்லை. தடித்த அடியுள்ள சேஃப்டி ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தான்; சிம்மாசனம் ஷூவின் கனத்துக்கு உயர்ந்து கொடுத்தது. பெண்ணாடத்திலிருந்து ஒரு ஆசாரியைக் கூட்டிவந்து சிம்மாசனத்தின் காலை அறுக்கச் சொன்னான். ரம்பம் பட்ட இடத்தில் பலாப்பால் வடிந்தது. "உசுரோட இருக்கறதுக்கு மேல ரம்பம் வெக்க மாட்டேன் தம்பி" என்று ஆசாரி கையில் எண்ணெயைத் தடவித் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

தைக்கிருத்திகை வந்தது. ரேகாவும் வந்திருந்தாள். ஊரே பார்க்க, தில்லைநாதன் வெற்றிலையை இழுத்தார். அது காற்றில் ஆடிக்கொண்டு வந்தது. "இன்னும் எட்டல" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் ரேகா முன்னால் வந்தாள். "மாமா, கால எப்படி ஊனணும்னு அவருக்குத் தெரியலபோல. நீங்க ஒரு தடவ உக்காந்து காட்டுங்களேன்."

தில்லைநாதன் இருபது வருடமாக அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றவர், மரியாதை காரணமாக ஒருநாளும் உட்காராதவர். மரியாதை வெளியே சொல்வதற்கு. அவருடைய ஆசை அந்த நிமிடத்தில் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. "பாடம் சொல்லித்தரத்தான" என்று ஊரைப் பார்த்துச் சொல்லி, துண்டால் ஆசனத்தைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். சிம்மாசனம் சத்தமில்லாமல் உயர்ந்தது. பேரன் பேத்தி எடுத்தவரின் கால்கள் தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தொங்கி ஆடின.

கார்த்திகேசன் குனிந்து விரலை விரித்து அளந்தான். சந்தேகமே இல்லை, முழுச் சாண். அருள்முருகன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாலு விரற்கடை தள்ளி இருப்பவரைவிட ஒரு சாண் தள்ளி இருப்பவர்தான் சின்னவர், சின்னவருக்குப் பெரியவர்தான் பொறுப்பு, இதில் பேச ஒன்றுமில்லை என்றார். மதகு விஷயமாக அவருக்கு நெடுநாள் எரிச்சல் உண்டு. தில்லைநாதனுக்கு இறங்கத் தெரியவில்லை. மருமகன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி இறக்கிவிட்டான். மலர்க்கொடி சிரித்தாள், புருஷன் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து ஊர் பார்த்தது அன்றைக்குத்தான்.

பங்குனியில் கார்த்திகேசனுக்கும் ரேகாவுக்கும் கல்யாணம் நடந்தது. மறுநாள் காலையில் ரேகா யாரும் இல்லாத நேரமாகச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு பாதங்களும் சப்பென்று தரையில் படிந்தன. கம்பெனி பஸ் வருகிற நேரமாகிவிட்டதால் எழுந்து போய்விட்டாள். ராஜாவுக்கு இன்னும் நாலு விரற்கடை பாக்கி இருக்கிறது, அதைப் பற்றி யாரும் இப்போது கவலைப்படுவதில்லை. மதகு நேரத்துக்குத் திறக்கிறது. போன வாரம் தில்லைநாதன் வெள்ளை வேட்டி கட்டி, வாசலில் வந்து நின்று, "மாப்ள, பண்ருட்டி வரைக்கும் போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்டார். கார்த்திகேசன் கொஞ்சம் யோசித்தான்.

"போய்ட்டு வா மாமா. இருட்டறதுக்குள்ள வந்துடணும்" என்றான்.