இன்டர்லாக் கல்லைப் பெயர்ப்பது எப்படி

ரோஸிலி சேச்சி திருச்சூர்-பாலக்காடு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலுக்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. எங்கள் காலனியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்த பொது நிலத்தில், மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு அவர் தோட்ட வகுப்பு நடத்துவார். ஒல்லூரிலிருந்தும் மண்ணுத்தியிலிருந்தும்கூட ஆட்கள் வருவார்கள். ஒரு மாதம் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவது, ஒரு மாதம் பயறுக்குப் பந்தல் போடுவது, இன்னொரு மாதம் விதைகளை மாற்றிக்கொள்வது. செடியைச் சுற்றிக் கூட்டம் நெருக்கினால், "முன்னாடி காலியா கெடக்கு, உள்ள போங்க, உள்ள போங்க!" என்று பஸ்ஸில் கத்துவது போலவே கத்துவார். நாங்களும் பழக்கத்தில் நகர்ந்துவிடுவோம்.

காலனி சங்கத்துக்குப் புதிதாகத் தலைவரான வறீது சேட்டனுக்கு அந்த நிலத்தைக் கண்டாலே ஆகாது. துபாயில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்தவர். வீட்டு முற்றத்தில் ஒரு பிடி மண் தெரியாமல் இன்டர்லாக் கல் பதித்திருந்தார். "பாம்பு வருது, கொசு வருது, விருந்தாளிங்க கார் நிறுத்த எடமில்ல" என்று ஒவ்வொரு கமிட்டிக் கூட்டத்திலும் சொல்வார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் திருச்சூர்ப் பூரத் திருவிழாவுக்குக் காலனி மொத்தமும் வழக்கம்போல வடக்குந்நாதன் மைதானத்தில்தான் கிடந்தது. மறுநாள் பகல் பூரமும் முடிந்து, காதில் செண்டை மேளச் சத்தத்தோடு நாங்கள் திரும்பி வந்தபோது தோட்டம் இல்லை. பயறுப் பந்தல், வாழை, நாங்கள் கைமாற்றிக் கைமாற்றிச் சேர்த்த வழுதனங்காய்க் கத்தரி நாற்று, எல்லாம் ஜேசிபியின் பல்லில் போயிருந்தன. அந்த இடத்தில் சாம்பலும் சிவப்புமாக இன்டர்லாக் கல். பூரத்துக்குப் போகாத ஒடிசாத் தொழிலாளிகள் கடைசி வரிசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு சத்யபாலன் மாஷ், பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல்மேல் போய் நின்றார். உடனே காலை எடுத்துக்கொண்டார். வெயிலில் அப்படிச் சுட்டது.

ரோஸிலி சேச்சி நேரே வறீது சேட்டன் வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"பொதுக்குழுவுல யார் ஒத்துக்கிட்டாங்க?"

"கமிட்டி முடிவு பண்ணிச்சு" என்றார் வறீது சேட்டன், பழம்பொரியைக் கடித்துக்கொண்டே. "ரோஸிலி, நல்ல எடம் கெடச்சிருக்கு. இனிமே செடியத் தொட்டியில வெச்சு வகுப்பெடு. கால்ல சேறு படாது."

"பூரத்தன்னைக்கு ஆள் இல்லாதப்ப செஞ்சீங்க பாருங்க, அது எதுக்கு சேட்டா?"

"வசதியா இருந்துச்சு."

"சரி. ஞாயித்துக்கெழம எங்களுக்கும் வசதிதான்."

வீட்டுக்குப் போனதும் வாட்ஸ்ஆப் குழுவில் அவருடைய செய்தி வந்தது. 'இரண்டாம் ஞாயிறு வகுப்பு வழக்கம்போல நடக்கும். பயறுப் பந்தல் அடுத்த மாதம். இந்த மாதப் பாடம்: இன்டர்லாக் கல்லைப் பெயர்ப்பது எப்படி. கடப்பாரை இருப்பவர்கள் கொண்டு வரவும். கட்டன் சாயா என் செலவு.'

குழுவில் வறீது சேட்டனும் இருந்தார். 'போலீஸில் புகார் கொடுப்பேன்' என்று எழுதினார். 'கொடுங்க, அவங்களுக்கும் சாயா உண்டு' என்று பதில் போனது.

ஐந்தாறு பேர் வந்தாலே பெரிது என்று நினைத்தேன். ஞாயிறு காலையில் மண்ணுத்திக்காரர்கள் ஒரு ஜீப் நிறைய வந்து இறங்கினார்கள். பூரத்துக்குப் போன நேரத்தில் தோட்டம் போன கதை பரவியிருந்தது. ஆனால் எங்களுக்கு முன்பே வறீது சேட்டன் வந்துவிட்டார். தன்னுடைய வெள்ளை இன்னோவாவை நிலத்தின் நட்டநடுவில் நிறுத்தி, கதவைப் பூட்டி, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றார்.

"இது கார் நிறுத்துற எடம். கார் நிக்குது. இப்பப் பெயர்த்துப் பாருங்க. வண்டியில ஒரு கீறல் விழுந்துச்சு, அத்தன பேரையும் ஸ்டேஷன்ல உக்கார வெப்பேன்." சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

கூட்டம் ரோஸிலி சேச்சியைப் பார்த்தது. மாஷ் மெல்லக் கேட்டார். "சேச்சி, இன்னைக்கு விட்டுடலாமா? வண்டி மேல பட்டா வம்பு."

"வண்டியத் தொடச் சொல்லி யார் கேட்டா மாஷே? ஓரத்துலேர்ந்து ஆரம்பிங்க."

வகுப்பு தொடங்கியது. சேச்சி உண்மையிலேயே பாடம்தான் எடுத்தார். ஓரக் கல்லைச் சிமெண்டில் பதித்திருப்பார்கள், அதோடு மல்லுக்கட்டக் கூடாது, இரண்டாம் வரிசையில் ஒரு கல்லை மட்டும் உடைத்து எடுத்தால் மற்றவை தானாகக் கழன்று வரும் என்றார். சொன்னாரே தவிர அந்த முதல் கல் உடையவில்லை. அவர் அடித்தார், மாஷ் அடித்தார், ஜீப்பில் வந்த தடியர் ஒருவர் அடித்தார். கடப்பாரை எகிறி எகிறி விழுந்தது. வறீது சேட்டன் மாடியிலிருந்து கைதட்டினார். "வகுப்பு முடிஞ்சுதா ரோஸிலி?"

"டபுள் பெல் நான் அடிக்கிறப்பதான் வண்டி கெளம்பும்!" என்று சேச்சி மேலே பார்த்துக் கத்தினார். கடப்பாரையை என் கையில் கொடுத்தார். "சரளா, உன் வழுதனங்காய் நாத்த நெனச்சுக்கோ. அடி."

அடித்தேன். கல் இரண்டாகப் பிளந்தது. எனக்கே நம்ப முடியவில்லை.

அதன் பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. ஒருவர் நெம்ப, ஒருவர் எடுக்க, ஒருவர் சுவரோரம் அடுக்க, கல் பலாச்சுளை மாதிரி கழன்று வந்தது. கல்லுக்கடியில் இருந்த மணலை வாரிக் குவித்தோம். அதற்குக் கீழே மண். நசுங்கிப் போயிருந்த மஞ்சள் கிழங்கு ஒன்றில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. ஒல்லூர்க்காரப் பெண் ஒருத்தி அதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டிக்கொண்டே போனாள்.

மத்தியானத்துக்குள் காரின் நாலு பக்கமும் கல் இல்லை. இன்னோவா நின்ற இடத்தில் மட்டும் ஒரு சின்னத் தீவு மிச்சமிருந்தது. காரில் ஒரு கீறல்கூட இல்லை. சுற்றிலும் மண்ணைக் கொத்தி, சாணம் போட்டு, வாழைக்கன்றும் மரவள்ளிக் குச்சியும் நட்டோம்.

சாயா குடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மே மாத மழை, இடியோடு. கொத்திய மண் கஞ்சியாகிவிட்டது. வறீது சேட்டன் குடையோடு ஓடிவந்தார். காரில் ஏறி முடுக்கினார். முன்சக்கரம் தீவிலிருந்து இறங்கியதும் பாதிக்குமேல் புதைந்தது.

ஜன்னலை இறக்கி, "என்ன அக்கிரமம் இது!" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தக் கல்லுல நாலஞ்சு எடுத்துச் சக்கரத்துக்கு அடியில வைங்க" என்றார்.

யாரும் அசையவில்லை. ரோஸிலி சேச்சி மழையில் நனைந்தபடி ஜன்னலோரம் போனார்.

"வெக்கிறோம். பொதுக்குழுவ எப்பக் கூட்டுறீங்க?"

"அதப்பத்தி அப்புறம் பேசலாம்."

"சரி, அப்ப வண்டியும் அப்புறம் வெளிய வரும். மாஷே, எனக்கு இன்னொரு சாயா."

வறீது சேட்டன் ஜன்னலை ஏற்றிக்கொண்டார். சாயாப் பாத்திரம் காலியாகும்வரை வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு கண்ணாடி இறங்கியது. "அடுத்த ஞாயிறு" என்றார்.

"எல்லாரும் கேக்க, சத்தமா."

"அடுத்த ஞாயித்துக்கெழம பொதுக்குழு! போதுமா?"

நாங்களே கல் வைத்து, நாங்களே தள்ளி, வாழைக்கன்று ஒன்றுகூடச் சாயாமல் வண்டியை வெளியேற்றினோம்.

பொதுக்குழு கூடியது. முழங்கால் வலிக்காரர்கள் நடக்க ஒரு பட்டை கல்பாதை இருக்கட்டும், மிச்சம் தோட்டம் என்று முடிவானது. அந்தப் பாதையைக் கேட்டது மாஷ்தான். சேச்சிக்கு அதில் இன்றுவரை கோபம். எதிர்த்துக் கை தூக்கியவர் வறீது சேட்டன் ஒருவர்தான். அவர் மனைவி எல்ஸி தோட்டத்துக்குக் கை தூக்கியதை அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

"நான் கோர்ட்டுக்குப் போவேன்" என்று எழுந்தார்.

"தாராளமாப் போங்க சேட்டா" என்றார் ரோஸிலி சேச்சி. "உங்க கேஸுக்கு மொத வாய்தா வர்றதுக்குள்ள எங்க வாழை குல தள்ளிடும். உங்க வீட்டுக்கும் ஒரு சீப்பு அனுப்புறேன்."