காற்று வரும் பக்கம்

ஜன்னலின் இரண்டாவது கதவையும் இழுத்துக் கொக்கியை மாட்டிவிட்டு, வாடக்காத்து அடிக்கு மதினி, நெஞ்சில சளி கட்டிரும் என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் பிரமு மப்ளரை எடுத்து உலகம்மாளின் காதோடு சேர்த்துச் சுற்றுகிறாள், நாடிக்குக் கீழே ஒரு முடிச்சும் போடுகிறாள், மூன்று மணி வெயில் அறைக்குள்ளிருந்து அப்படியே வெளியே போய்விடுகிறது, கட்டிலுக்கு முன்னால் இழுத்துப்போட்ட முக்காலியின் மேல் தலையணையை வைத்து அதில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள் உலகம்மாள், படுத்தாலும் மூச்சு முட்டுகிறது, நிமிர்ந்தாலும் முட்டுகிறது, இப்படிக் குனிந்தால்தான் ஏதோ கொஞ்சம் உள்ளே போகிறது, ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே முக்காலிமேல் இதே மாதிரிதான் அவள் புருஷன் கோமதிநாயகமும் குனிந்து உட்கார்ந்திருந்தார், அவர் முதுகை இவள் தடவிக்கொண்டிருக்கிறாளா, இவள் முதுகை அவர் தடவுகிறாரா, கண்ணை மூடினால் பிரிக்க முடியவில்லை, ஏளா உலகு, அந்தக் கதவக் கொஞ்சம் தொறயேன் என்கிறார், சும்மா இரிங்க, சளி பிடிச்சா யாரு பாக்கது என்கிறாள் இவள், அந்தக் குரல் தன்னுடையதா, இப்போது மப்ளரை இறுக்குகிற பிரமுவுடையதா என்பதும் தெரியவில்லை.

மில்லில் முப்பத்திரண்டு வருஷம், பஞ்சுப் பொதியை உடைத்துப் பிரிக்கிற புளோ ரூமில் நின்றவர், ஷிப்டு முடிந்து வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக, மாப்பிள்ளைக்கு இப்பவே நரைச்சிட்டே என்று இவள் கேலி பண்ணுவாள், அந்த வெள்ளை நெஞ்சுக்குள்ளும் இறங்கிக்கொண்டிருந்தது யாருக்குத் தெரிந்தது, கடைசி மூன்று வருஷம் கட்டிலிலிருந்து கக்கூஸுக்குப் போவதே ஒரு மலை ஏறுகிற மாதிரி ஆகிவிட்டது அவருக்கு, இவள் ஜன்னலை அடைத்தாள், கதவிடுக்கில் பழைய சேலையைச் சுருட்டி வைத்தாள், ஃபேன் ரெகுலேட்டருக்கு மேலே பிளாஸ்திரி ஒட்டினாள், நான் என்ன கோழிக்குஞ்சா, இப்படிக் கூடையப் போட்டுக் கவுத்து வச்சிருக்கே என்று முதலில் சிரித்தார், அப்புறம் சிரிக்காமல் கேட்டார், மில்லுலதான் பஞ்சு பறந்துரும்னு ஒரு ஜன்னலத் தொறக்க மாட்டான், வீட்டுலயும் அதே சட்டமா, கேட்கும்போதே இழுப்பு வந்துவிடும், பாத்தீங்களா, பேசுனாலே இழுக்கு, பேசாம இரிங்க என்று இவள் வாயைப் பொத்துவாள், கேட்கிறவரைப் பேசவிடாமல் பண்ணிவிட்டால் கேள்வியும் போய்விடும் என்று நினைத்தாளா, அப்படி நினைக்கவில்லை, அன்பாகத்தான் பொத்தினாள், அதுதான் இப்போது முள்ளாகக் கிடக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார், வீட்டுக்கே வந்து பாக்கிற நர்ஸ்மார் இருக்காங்கம்மா, வரச் சொல்லுங்க, உலகம்மாள் வெளியே வந்து வரிசையில் நின்ற இன்னொருத்தியிடம் விசாரித்தாள், அது புத்துநோய்க்காரங்களுக்கு, நாள் குறிச்சவங்களுக்குல்லா வருவாங்க என்றாள் அவள், உலகம்மாள் சீட்டை நாலாக மடித்துப் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துவிட்டாள், வீட்டுப் படியேறி நர்ஸ் வந்தால் சாவும் பின்னாலேயே வரும் என்று பயம், ஒன்றரை வருஷம் சேலைக்கு அடியிலேயே கிடந்தது, கடைசியில் டாக்டரே சொல்லி அனுப்பித்தான் நர்ஸ் எப்சிபா வந்தாள், நீலச் சேலை, ஸ்கூட்டரில் வந்த வியர்வை, உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளித்துவிட்டு, என்னம்மா, எனக்கே முட்டுது என்றாள், முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஐயாவுக்கு எதுக்கு ரொம்பப் பயம் என்று கேட்டாள், நாற்பத்தோரு வருஷம் கூட இருந்தவளுக்கு அப்படி ஒன்று கேட்கத் தோன்றியதே இல்லை, அவர் நாலு மூச்சுக்கு ஒரு வார்த்தையாகச் சொன்னார், சாவுக்குப் பயமில்ல தாயி, முட்டிட்டுச் சாவணுமேன்னுதான்.

நர்ஸ் ஜன்னலைத் திறந்தாள், டேபிள் ஃபேனை ஒரு கை தூரத்தில் வைத்து அவர் முகத்துக்கு நேரே திருப்பினாள், உலகம்மாள் ஓடிப்போய்த் தடுத்தாள், கொன்னுராதீங்கம்மா, நெஞ்சு சரியில்லாத மனுசன், எப்சிபா கோபப்படவில்லை, நெஞ்சச் சரிப்படுத்த முடியாதும்மா, முட்டலக் கொறைக்கலாம், முகத்துல காத்து பட்டாலே பாதி தணியும், மீதிக்குச் சொட்டுக்கணக்குல ஒரு மருந்து தாரேன், அவர் கன்னத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு கண்ணை மூடினார், தோள் கீழே இறங்கியது, ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு முழு வாக்கியம் அறுபடாமல் வந்தது, ஏளா, மழைக்குள்ள நிக்க மாதிரி இருக்கு. பதினோரு நாள் அப்படி இருந்தார், பன்னிரண்டாம் நாள் காலையில் ஃபேன் ஓடிக்கொண்டேயிருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால், அவர் தங்கை பிரமுதான் மாரில் அடித்துக்கொண்டு சொன்னாள், எங்க மதினி மாதிரி யாரு பாப்பா, பொட்டுக் காத்துப் படாம பொத்திப் பொத்தி வச்சிருந்தாளே எங்கண்ணன, எல்லோரும் தலையாட்டினார்கள், உலகம்மாள் அந்தப் புகழ்ச்சியின் மேலேயே ஆறு வருஷம் உட்கார்ந்திருக்கிறாள், இப்போது அவளுக்கும் அதே நோய், நீங்க மில்லுக்கும் போகல, பீடியும் குடிக்கல, அடுப்புப் புகைதாம்மா என்றார் டாக்டர், அண்ணன நீ பாத்த மாதிரி உன்ன நான் பாக்காண்டாமா என்று பிரமு தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து நிற்கிறாள், இவள் பார்த்தபடியே பார்க்கிறாள், அதேபோல அடைக்கிறாள், கதவைத் திற என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது, சொன்னால் அண்ணனுக்கு ஏன் திறக்கவில்லை என்று அவள் கேட்பாளே.

மூச்சு இப்போது தொண்டைக்குழியிலேயே நின்றுகொண்டது, விரல் நகமெல்லாம் நீலம் பாய, தலையணை ஈரமாக, உலகம்மாள் மப்ளர் முடிச்சைப் பிய்த்து எறிந்தாள், பிரமு, தொற, என்ன மதினி, என்ன, அந்தக் கதவ, தொற, வாட அடிக்குல்லா, அடிக்கட்டும், உங்கண்ணனும், கேட்டாரு, மூணு வருசம், கேட்டாரு, நான், தொறக்கல.

பிரமு கொக்கியில் கையை வைத்தாள், அவள் முகம் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தது, எங்கிட்டயும் கேட்டான் மதினி என்றாள் மெதுவாக, ஆடி அமாவாசைக்கு வந்தேன்லா, நீ கடைக்குப் போயிருந்தே, ஏ பிரமு, தொறந்து விடுளான்னான், மதினி வையும் அண்ணேன்னு சொல்லி நானும் போர்வைய இழுத்து மூடி விட்டுட்டுத்தான் வந்தேன்.

கொக்கி கழன்றது, இரண்டு கதவும் சுவரில் போய் மோதின, தெருவின் சத்தமும் வெயிலும் எங்கோ கடுகு தாளிக்கிற வாசமுமாகக் காற்று நேரே கன்னத்தில் வந்து விழுந்தது, நெஞ்சுக்குள் இறுக்கிப் பிடித்திருந்த ஒரு கை ஒவ்வொரு விரலாக விடுகிற மாதிரி இருந்தது, இவ்வளவுதானா, இதையா மூன்று வருஷம் அவருக்குக் கொடுக்காமல் இருந்தேன், சுகமா இருக்கா மதினி என்று பிரமு பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள், திரும்பவும் கேட்கிறாள், இருக்கு என்ற ஒரு சொல்லை உலகம்மாளால் சொல்ல முடியவில்லை.